நிலவின் பள்ளங்களை அளந்த நாடு, நாட்றம்பள்ளி வானத்தைப் படம்பிடிக்கத் தவறியது ஏன்?

பெங்களூரு: அல்சூர் ஏரிக்கும் பழைய மெட்ராஸ் சாலைக்கும் அருகே அமைந்துள்ளது மர்பி டவுன். கன்டோன்மென்ட் காலத்துப் பொறியாளர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வசித்து வருகின்றன. பெங்களூருவின் மற்ற பகுதிகளைப் போலவே இங்கும் தெருமுனைகளிலும் கடை வாசல்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நுழைவாயில்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் சாலையையும் வாசலையுமே பார்த்துக் கொண்டிருக்கின்றன.

இந்தப் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பழைய விமான நிலையச் சாலையில், சந்திரயான் விண்கலங்களை உருவாக்கிய யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம் உள்ளது. கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இயங்குகிறது. மர்பி டவுனை ஒட்டிச் செல்லும் பழைய மெட்ராஸ் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் வரும் ஹொசகோட்டையில் இருந்தபடியே, லடாக்கின் ஹான்லே மலையில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். வேற்றுக்கோள்களைப் படம்பிடிக்கும் கருவிகளுக்கு இந்தியாவில் ஒரு தலைநகரம் உண்டென்றால் அது பெங்களூருதான்; கேமராக்களில் பெரும்பங்கைத் தயாரிக்கும் அகமதாபாத் அதற்கு இணையாக நிற்கக்கூடும்.

ஆனால், அதே பெங்களூருவின் தலைக்கு மேல், 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில், ஒவ்வோர் இரவும் எரிந்து மறையும் எரிகற்களைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் நாடு தழுவிய கேமரா வலையமைப்பு இந்தியாவில் இன்னும் உருவாகவில்லை. இது வானியல் ஆர்வலர்களின் குறை மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் நிகழ்ந்த ஓர் உயிரிழப்பின் காரணம் குறித்து எழுந்த விவாதம், இந்த இடைவெளியின் விலையை எடுத்துக்காட்டுகிறது.

நாட்றம்பள்ளியில் நடந்தது

2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளி அருகே, பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலைப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பலத்த ஓசையுடன் வெடிப்பு ஏற்பட்டது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமடைந்தனர். பேருந்துகளின் கண்ணாடிகளும் கட்டடத்தின் சாளரங்களும் நொறுங்கின. தரையில் சிறு பள்ளம் ஒன்று காணப்பட்டது.

வளாகத்தில் விழுந்தது விண்கல் என்று மறுநாள் அன்றைய முதல்வர் ஜெயலலிதா வெளியிட்ட அறிக்கை குறிப்பிட்டது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. விண்கல் தாக்கி மனிதர் உயிரிழந்த முதல் நிகழ்வாக இது இருக்கலாம் எனச் செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த சில நாட்களில், இணையத்தில் வெளியான படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், அவை தரையில் நிகழ்ந்த வெடிப்புக்கே அதிகம் பொருந்துவதாகக் கருத்துத் தெரிவித்தனர். பெங்களூருவிலிருந்து வானியற்பியல் வல்லுநர்களும் இடத்தைப் பார்வையிட வந்தனர். கல் துண்டுகள் சேகரிக்கப்பட்டன, ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன, கருத்துகள் இருவேறாகப் பிரிந்தன.

கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்: இரு தரப்பும் வாதிட்டது தரையில் கிடந்த பள்ளத்தையும் துகள்களையும் வைத்து மட்டுமே. வானத்தின் சாட்சியம் என்று எவரிடமும் எதுவும் இல்லை. குறிப்பிட்ட நிமிடத்தில் அந்த வட்டாரத்தின் மேல் ஒளிக்கோடு ஒன்று கடந்ததா, இல்லையா என்ற எளிய கேள்விக்கு விடை சொல்லும் பதிவு இருந்திருந்தால், காவல் துறையின் விசாரணைத் திசையும் நிவாரணத்தின் அடிப்படையும் அன்றே தெளிவடைந்திருக்கும். நிகழ்வு பகலில் நடந்தது என்பது உண்மையே. ஆயினும் ஒரு மனிதரைக் கொல்லும் அளவுக்கு ஆற்றலுடன் தரையைத் தொடும் கல், பகலிலும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியுடனேயே வந்திருக்கும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் வெடித்த சுமார் 20 மீட்டர் அகலப் பாறை, சூரியன் உதித்தபின் வந்ததே.

இதில் ஒரு முரண் உண்டு. நாட்றம்பள்ளியிலிருந்து நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஜவ்வாது மலையின் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். யுரேனஸ் கோளின் வளையங்களை 1977ஆம் ஆண்டில் கண்டறிந்ததில் காவலூருக்குப் பங்குண்டு. ஆனால் பெரிய தொலைநோக்கி என்பது வானத்தின் ஊசிமுனை அளவுப் பகுதியைத் தொலைதூரம் வரை பார்க்கும் கருவி. முழு வானத்தையும் ஒருசேரப் பார்ப்பது அதன் வேலை இல்லை. அந்த வேலைக்குத் தேவைப்படுவது, அகன்ற கோண வில்லை பொருத்திய, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமரா.

இரண்டு கண்களின் கணக்கு

எரிகல்லைப் படம்பிடிப்பதற்கும் நிலவின் மேற்பரப்பை வரைபடமாக்குவதற்கும் அடிப்படை ஒன்றே: ஒரு பொருளை இரு வேறு இடங்களிலிருந்து பார்த்தால் அதன் ஆழமும் தொலைவும் தெரியவரும். நம் இரு கண்கள் செய்வதும் இதைத்தான்.

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-1, மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த விண்கலம். அதில் இடம்பெற்ற நிலப்பரப்பு வரைபடக் கேமரா, நிலவிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி, 20 கிலோமீட்டர் அகலப் பட்டையை 5 மீட்டர் துல்லியத்தில் பதிவு செய்தது. அந்தக் கேமரா முன்னோக்கியும், நேர் கீழாகவும், பின்னோக்கியும் ஒரே நிலத்தை மூன்று முறை பார்த்தது. மூன்று கோணங்களில் கிடைத்த படங்களிலிருந்து ஒவ்வொரு மலையின் உயரமும் பள்ளத்தின் ஆழமும் கணக்கிடப்பட்டன. இரண்டு ஆண்டுகள் இயங்கத் திட்டமிடப்பட்ட அவ்விண்கலம் 2009 ஆகஸ்ட் இறுதியில் தொடர்பை இழந்தது. விண்மீன்களைப் பார்த்து விண்கலத்தின் திசையை உறுதி செய்யும் உணரிகள் அதற்கு முன்னரே பழுதடைந்திருந்தன. நிலவை அளந்த கலத்துக்குத் தன் திசையைச் சொல்லும் கண்கள் முதலில் மங்கின என்பது கேமராக்கள் எவ்வளவு அடிப்படையானவை என்பதற்குச் சான்று.

சந்திரயான்-2 இந்தக் கணக்கை மேலும் கூர்மையாக்கியது. 2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்ட அதன் சுற்றுக்கலத்தில் உள்ள உயர் தெளிவுக் கேமரா, 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் அளவுப் பொருளையும் பிரித்துக் காட்ட வல்லது. ஒரே தரையிறங்கு தளத்தை இரு வேறு சுற்றுகளில், இரு வேறு கோணங்களில் படமெடுத்து, பாறைகளும் குழிகளும் எங்கே உள்ளன என்பதை முன்கூட்டியே அறிவது அதன் பணி. விக்ரம் தரையிறங்கி அந்த முறை நிலவில் மோதிச் சிதைந்தாலும், சுற்றுக்கலத்தின் கேமரா அடுத்த பயணத்துக்கு வழிகாட்டியாக நிலைத்தது.

விழுப்புரத்தைச் சேர்ந்த ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குத் தரையிறங்கியது. இறங்கும்போது விக்ரம் கலத்தின் ஒரு கேமரா, கீழே தெரிந்த நிலத்தைத் தன் நினைவகத்தில் இருந்த வரைபடத்துடன் ஒப்பிட்டு, தான் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிந்தது. இன்னொன்று இடர்களைத் தேடியது. மற்றொன்று பக்கவாட்டு வேகத்தை அளந்தது. சந்திரயான்-2-க்கு 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த தரையிறங்கு பரப்பு, இம்முறை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டதும் சந்திரயான்-2 சுற்றுக்கலக் கேமராவின் படங்களால் தேர்ந்த இடத்தில்தான். பின்னர் தரையில் ஊர்ந்த பிரக்யான் ஊர்தியின் இரு வழிகாட்டிக் கேமராக்கள், பெங்களூரு பீனியாவில் உள்ள இஸ்ரோவின் மின்-ஒளியியல் அமைப்புகள் ஆய்வகத்தில் உருவானவை. ஆகஸ்ட் 27 அன்று, 3 மீட்டர் முன்னால் இருந்த 4 மீட்டர் அகலப் பள்ளத்தை அவை காட்டின; ஊர்தி திருப்பிவிடப்பட்டது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா உருவான பீனியாவின் தொழிற்கூடங்கள் இருந்த அதே இடத்தில்தான் இந்த ஆய்வகமும் உள்ளது.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் துணையுடன் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளிலிருந்து பெறப்பட்ட மண்தான் இந்தச் சோதனைகளில் நிலவு மண்ணாக நடித்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். பெங்களூரு கண்களைச் செய்தது; நாமக்கல் அந்தக் கண்களுக்குப் பயிற்சிக் களம் தந்தது.

இப்போது பூமிக்கு வருவோம். ஓர் எரிகல் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. மர்பி டவுனின் மொட்டை மாடி ஒன்றில் உள்ள ஒற்றைக் கேமரா அதைப் பதிவு செய்தால், எந்தத் திசையில் தெரிந்தது என்பது மட்டுமே கிடைக்கும். அதே வினாடியில் காவலூரில் இன்னொரு கேமரா அதே ஒளிக்கோட்டைப் பதிவு செய்தால், பின்னணியில் தெரியும் விண்மீன்களை அளவுகோலாகக் கொண்டு, அது எந்த உயரத்தில் ஒளிர்ந்தது, எங்கே அணைந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது ஆகிய அனைத்தையும் கணக்கிட்டுவிடலாம். பின்னோக்கிக் கணக்கிட்டால் சூரிய மண்டலத்தில் அது வந்த பாதை கிடைக்கும். முன்னோக்கிக் கணக்கிட்டால் எந்த ஊரின் வயலில் கல்லைத் தேட வேண்டும் என்பது தெரியவரும். பெங்களூருவுக்கும் காவலூருக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இந்தக் கணக்குக்கு ஏற்ற இடைவெளியே அது. வடக்கே கௌரிபிதனூரில் உள்ள ரேடியோ ஆய்வகத்தையும் சேர்த்தால் ஒரு முக்கோணம் உருவாகும். மூன்று இடங்களிலும் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஏற்கெனவே நிலைகொண்டுள்ளது.

உலகம் சென்ற வழி

இது புதிய அறிவியல் அல்ல. 1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் விழுந்த பிரிப்ராம் விண்கல்லே, பல கேமராக்களின் படங்களால் விண்வெளிப் பாதை கணக்கிடப்பட்ட முதல் கல். ஆஸ்திரேலியா தன் பாலைவனத்தில் கேமரா நிலையங்களை நிறுவியது. பிரான்ஸ் நாடு முழுவதும் நிறுவியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ் 2010ஆம் ஆண்டு தொடங்கிய கேமரா வலையமைப்பு பின்னர் பல கண்டங்களுக்கு விரிந்தது. கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் விடா முன்னெடுத்த உலக எரிகல் வலையமைப்பு, கண்காணிப்புக் கேமராவில் பயன்படும் சாதாரண உணரியையும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும் இணைத்து, ஆர்வலர்கள் வீட்டுக் கூரையிலேயே நிறுவத்தக்க நிலையத்தை உருவாக்கியது. ஒரு நிலையத்துக்கு ஆகும் செலவு சில நூறு டாலர்கள் மட்டுமே.

இதன் பயன் 2021ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிப்பட்டது. பிப்ரவரி 28 இரவு பிரிட்டன் வானில் தோன்றிய தீக்கோளத்தைப் பல கேமராக்கள் பதிவு செய்தன. மறுநாள் காலை வின்ச்கோம் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் வாசற்பாதையில் கருந்துகள்கள் கிடந்தன. மழை நனைக்கும் முன் சேகரிக்கப்பட்ட அக்கல், நீரையும் கரிமச் சேர்மங்களையும் தாங்கிய அரிய வகையைச் சேர்ந்தது.

உலகில் பட்டியலிடப்பட்ட விண்கற்களின் எண்ணிக்கை எழுபதாயிரத்தைத் தாண்டும். அவற்றில் எங்கிருந்து வந்தன என்று அறியப்பட்டவை மிகச் சிலவே. மற்றவை முகவரி இல்லாத கடிதங்கள்.

இந்தியாவின் நிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில், தியோதர் அருகே இரு கிராமங்களில் விண்கல் துண்டுகள் விழுந்தன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் அது ஆப்ரைட் என்ற மிக அரிய வகை என்று கண்டறிந்தனர். இந்தியாவில் அவ்வகைக் கல் அதற்கு முன் விழுந்தது 1852ஆம் ஆண்டில். நூற்று எழுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விருந்தினர். ஆனால் அவர் வந்த வழிக்குக் கிராமத்தாரின் காதில் விழுந்த ஓசையே முதன்மைச் சாட்சி.

தமிழ் மரபு இந்த வகையில் கவனக்குறைவானது அல்ல. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவையொட்டிக் கூடலூர் கிழார் பாடிய புறநானூற்றின் 229ஆம் பாடல், விண்ணிலிருந்து ஒரு மீன் விழுந்ததைச் சொல்கிறது. அதைத் தீய நிமித்தமாகக் கண்ட புலவர், பங்குனி மாதம், நள்ளிரவு, எந்த விண்மீன்கள் உச்சியிலும் எவை தொடுவானத்திலும் இருந்தன, எந்தத் திசைகளைத் தவிர்த்து அது வீழ்ந்தது ஆகிய விவரங்களையும் விடாமல் பதிவு செய்துள்ளார். நேரம், பின்னணி விண்மீன்கள், திசை: இன்றைய எரிகல் கேமரா பதிவு செய்யும் தரவுகளும் இவையே. இரண்டாவது ஊரிலிருந்து இன்னொரு புலவர் பாடியிருந்தால் உயரத்தையும் கணக்கிட்டிருக்கலாம்.

எரிகல்லா, ராக்கெட்டா?

விண்வெளிப் போக்குவரத்து பெருகிவரும் இக்காலத்தில் வானிலிருந்து விழும் எல்லாமே கற்கள் அல்ல. 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் மாநிலங்களின் வானில் எரிந்து சென்ற ஒளித்துண்டுகளைப் பல்லாயிரம் பேர் கைப்பேசியில் படமெடுத்தனர். எரிகல் மழை என்றே பலரும் நம்பினர். சந்திரபூர் மாவட்டத்தின் சிந்தேவாஹி வட்டாரத்தில் சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் விழுந்தபோதுதான் நிலைமை வேறு என்பது புரிந்தது. சீனாவின் லாங் மார்ச் வகை ராக்கெட்டின் பாகம் என்பதே வல்லுநர்களின் கணிப்பு. நல்வாய்ப்பாக எவருக்கும் பாதிப்பு இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உலோக உருளை, இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் நிலைப் பாகம் என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை முடிவுக்கு வந்தது. இஸ்ரோவும் அதை ஏற்றது. விண்பொருளால் ஏற்படும் சேதத்துக்கு அதை ஏவிய நாடே பொறுப்பு என்கிறது 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தம். அப்படியானால் சேதத்தை நிரூபிக்கும் முதல் சான்று, விழுந்த பொருள் எந்தப் பாதையில் எந்த வேகத்தில் வந்தது என்பதே. செயற்கைப் பொருட்கள் பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து இறங்குவதால் வினாடிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில், கிடைமட்டமாக, நீண்ட நேரம் எரிந்தபடி செல்லும். எரிகல் அதைவிட வேகமாக வந்து சில வினாடிகளில் மறையும். இரு கேமராக்கள் இருந்தால் இந்த வேறுபாடு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மக்களிடையே பரவும் வதந்திக்கும் இடமிருக்காது.

பெரிய வெடிப்புகளைக் கண்டறிய உலகில் வேறு வழிகளும் உள்ளன. அமெரிக்க அரசின் செயற்கைக்கோள் உணரிகள் தீக்கோளங்களைப் பதிவு செய்கின்றன; அவற்றில் எதை எப்போது வெளியிடுவது என்பது அமெரிக்காவின் முடிவு. அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பின் தாழ்வொலி நிலையங்கள் செல்யாபின்ஸ்க் வெடிப்பை உலகெங்கும் கேட்டன. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே அதன் நிலையம் எதுவும் இந்திய மண்ணில் இல்லை. தும்பாவிலும் திருப்பதியிலும் நிறுவப்பட்ட எரிகல் ரேடார்கள், மேல்வளிமண்டலக் காற்றின் போக்கை அளப்பதற்கானவை. எந்த வயலில் கல் விழுந்தது என்பதைச் சொல்வது அவற்றின் நோக்கம் அல்ல. விண்வெளித் துறையில் தன்னிறைவு பேசும் நாடு, தன் தலைக்கு மேல் நடப்பதைப் பிறர் வெளியிடும் தரவுகளிலிருந்து அறிய வேண்டிய நிலை பொருத்தமானதாகத் தோன்றவில்லை.

யாருடைய பொறுப்பு?

தடையாக இருப்பது பணம் அல்ல. ஒரு நிலையத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 200 நிலையங்களுக்கு ஒரு கோடி ரூபாய் போதும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த சந்திரயான்-4 திட்டத்தின் மதிப்பு 2,104 கோடி ரூபாய். வெள்ளிக் கோள் சுற்றுக்கலத் திட்டத்தின் மதிப்பு 1,236 கோடி. நுட்பமும் தடையல்ல. இந்திய வானியற்பியல் நிறுவனம் ராஸ்பெரி பை கணினியைக் கொண்டே குறைந்த செலவில் விண்மீன் உணரி ஒன்றை உருவாக்கி, 2023 ஏப்ரல் 22 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல்தளத்தில் விண்ணுக்கு அனுப்பிச் சோதித்துள்ளது. விண்மீன்களின் படத்தைப் பார்த்துத் தன் திசையை அறியும் கருவியை விண்வெளிக்கே அனுப்பிய கைகளுக்கு, அதே சிறு கணினியால் கூரை மேல் எரிகல் கேமரா அமைப்பது கடினமான பணி அல்ல. விண்பொருட்களைக் கண்காணிக்கும் டிகன்தாரா போன்ற தனியார் நிறுவனங்களும் பெங்களூருவிலேயே வளர்ந்து வருகின்றன.

உண்மையான சிக்கல் அதிகார எல்லையில் உள்ளது. தரையில் விழுந்த கல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பு. அதன் வேதியியல் அகமதாபாத் ஆய்வகத்தின் ஆர்வம். மேகங்கள் வரை வானிலை ஆய்வுத் துறை பார்க்கிறது. செயற்கைக்கோள்களையும் விண்வெளிக் குப்பைகளையும் கண்காணிக்க 2022 ஜூலையில் பெங்களூரு பீனியாவில் இஸ்ரோ தனி மையத்தைத் தொடங்கியது. விண்மீன்கள் வானியலாளர்களுடையவை. இடையே 80 முதல் 120 கிலோமீட்டர் வரையிலான அடுக்கில் நடப்பது எவருடைய கோப்பிலும் இல்லை. நாட்றம்பள்ளியில் சில நாட்கள் நிலவிய குழப்பத்தின் வேர் இதுவே என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

ஆர்வலர்களிடம் விட்டுவிடலாம் என்ற வாதத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. நிலவில் நொறுங்கிய விக்ரம் கலத்தின் சிதறலை நாசாவின் படங்களில் கண்டுபிடித்தவர், சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். முன்னரும் பின்னரும் எடுத்த படங்களைப் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு, மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தொலைவில் ஒரு வெண்புள்ளியை அவர் சுட்டிக்காட்டினார். 2019 டிசம்பரில் நாசா அவர் பெயரைக் குறிப்பிட்டு அதை உறுதி செய்தது. ஆனால் அவரது வெற்றிக்கு முன்நிபந்தனை ஒன்று இருந்தது: படங்கள் எவரும் பதிவிறக்கத்தக்க வகையில் பொதுவில் கிடந்தன. எரிகல் தரவுகளும் அவ்வாறே திறந்து வைக்கப்பட வேண்டும். ஒழுங்கான பொது நிலையங்களும் தரவுக் களஞ்சியமும் இல்லாமல், ஆர்வலர்களின் மொட்டை மாடிகளை மட்டும் நம்பினால் மழைக்காலத்தில் வில்லை மீது பூஞ்சை படர்வது, மின்தடை, சிலந்திவலை, வாடகை வீட்டு உரிமையாளரின் மறுப்பு என ஒவ்வொன்றாக நிலையங்கள் அணைந்துவிடும். பிற நாடுகளின் அனுபவமும் பராமரிப்பையே பெருஞ்சுமையாகக் காட்டுகிறது.

பள்ளிகள் இதற்கு ஒரு நடுவழி. நாடெங்கும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அடல் ஆய்வுக்கூடங்கள் இயங்குகின்றன. மேலும் 50 ஆயிரம் கூடங்கள் ஐந்தாண்டுகளில் தொடங்கப்படும் என 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அவற்றில் மிகச் சிறு பங்கு கூரைகளில் கேமரா நிறுவினாலும் தமிழகமும் கர்நாடகமும் முழுமையாக மூடப்பட்டுவிடும். பெங்களூருவின் ஜவாகர்லால் நேரு கோளரங்கம், சென்னை கோட்டூர்புரத்தின் பிர்லா கோளரங்கம், கொடைக்கானல் வானாய்வகம் ஆகியவை தரவைச் சரிபார்க்கும் வட்டார மையங்களாக இருக்க இயலும். நகர ஒளி ஒரு தடையே. மர்பி டவுன் மாடியிலிருந்து மங்கலான எரிகற்கள் தெரியப் போவதில்லை. ஆயினும் கல்லாகத் தரையைத் தொடக்கூடிய பெரிய தீக்கோளங்கள் நிலவையும் மிஞ்சும் ஒளி கொண்டவை. அவற்றுக்குத் தெருவிளக்கு பொருட்டல்ல.

காவலூருக்கு இதில் பழைய உரிமையும் உண்டு. கல்கி என்று பெயரிடப்பட்ட திட்டத்தின் கீழ் 1988ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கு ஆர்.ராஜமோகன் குறுங்கோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். கணித மேதை ராமானுஜனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதற்கும் முன், 1861ஆம் ஆண்டு ஏப்ரலில் மதராஸ் வானாய்வகத்தில் போக்சன் கண்டறிந்த குறுங்கோளுக்கு ஆசியா என்று பெயர்.

காலக்கெடு ஒன்றும் நெருங்கி வருகிறது. சுமார் 340 மீட்டர் அகலமுள்ள அபோபிஸ் குறுங்கோள், 2029 ஏப்ரலில் பூமியின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 32 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களின் பாதையைவிட நெருக்கமாகக் கடந்து செல்லவுள்ளது. மோதும் ஆபத்து இல்லை என்பது கணக்கிடப்பட்டுள்ளது. 2029ஆம் ஆண்டைக் குறுங்கோள் விழிப்புணர்வு மற்றும் பூமிப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்துள்ளது. மிக நெருங்கும் தருணம் இந்திய நேரப்படி ஏப்ரல் 14 அதிகாலை 3 மணியைக் கடந்தபின். அதாவது சித்திரை முதல் நாள். அதற்குள் காவலூர், கோரமங்களா, கௌரிபிதனூர் ஆகிய மூன்று கூரைகளில் முதல் மூன்று கேமராக்களைப் பொருத்துவதற்குப் புதிய அமைச்சரவை ஒப்புதல் எதுவும் தேவைப்படாது. ஜெமினிட் எரிகற்கள் உச்சம் பெறும் டிசம்பர் 14 இரவில் அவற்றைச் சோதித்தும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை மேகங்கள் வழிவிட்டால்.